லாகின் இன்கரெக்ட்

தியாகராய நகர்,
6.6.1999

அன்புள்ள தம்பி அஸ்வத்துக்கு,

அக்கா எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. அல்வாவைக் கண்டால்தான் அப்பா கட்டுக்குள் இருப்பதில்லை. உனக்குச் சளி விட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். அமெரிக்காவில் இப்போது வெயில் காலம் என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள்.

பொங்கல் லீவில் நீ ரிச்சி தெரு எலக்ட்ரானிக் கடைகளில் பொறுக்கி வந்து மாட்டிக்கொடுத்த கம்ப்யூட்டர் ஜம்மென்று ஓடுகிறது. "இந்தப் பழைய 486-ல விண்டோஸ் போட்டா, அது முழிக்கிறதுக்குள்ள நீ குளிச்சிட்டே வந்துடலாம்" என்று சொல்லி, பதினாலு ஃபிளாப்பியை ஒவ்வொன்றாகச் செருகி அந்தச் சின்ன லினக்ஸை ஏற்றினாயே, அன்றைக்கு எனக்கு நம்பிக்கையே வரவில்லை. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, ஒரு படம் கிடையாது. இது நமக்கு லாயக்குப்படுமா என்றிருந்தது. இப்போது பார், அதைவிட நல்ல பிள்ளை எதுவும் இல்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறது. தப்பாகத் தட்டினால் தப்பு என்கிறது, அத்தோடு விட்டுவிடுகிறது. நம் வீட்டில் அப்படி யார் இருக்கிறார்கள்?

நான் வேலை பார்க்கும் ஜவுளிக் கடையில் மேட்சிங் பிளவுஸ் செக்ஷனில் என்னோடு நிற்கிற ஷகீலா வந்து பார்த்தாள். இரண்டே வாரத்தில் ஃபைலை நகல் எடுக்கவும் தேடவும் கற்றுக்கொண்டாள். அவளைப் பார்த்து இன்னும் ஐந்து பெண்கள் கேட்கிறார்கள். எல்லாருக்கும் ஞாயிற்றுக்கிழமை கடை லீவுதானே. விஜயதசமி அன்று மாடியில் வகுப்பு ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன். ஒவ்வொருத்திக்கும் அவள் பெயரில் ஒரு லாகின் வேண்டும். இந்தப் பெண்களுக்கு ரேஷன் கார்டைத் தவிர எதிலும் பெயர் கிடையாது, அஸ்வத். அன்றைக்கு அவரவர் பெயரைத் தட்டி உள்ளே போக வேண்டும் என்பது என் ஆசை.

புதுப் பெயர் சேர்க்க 'ரூட்' அனுமதி வேண்டுமாம். ரூட் என்பவர்தான் அதில் முதலாளி என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. அந்த ரூட்டுக்கு என்ன பாஸ்வேர்ட் வைத்தாய்? மறக்காமல் எழுது.

பதிலைச் சீக்கிரம் போடு. நம் தபால்காரர் வெள்ளைச்சாமி என் இன்ஜினீயரிங் காலேஜ் இன்டர்வியூ கார்டையே தொலைத்த மகானுபாவர். அந்தக் கார்டு ஒழுங்காக வந்திருந்தால் இன்றைக்கு நான் பிளவுஸ் பிட்டைப் புடவையோடு வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
அனுப்ரியா


கொலம்பஸ்,
25.6.1999

என் அக்கா அனுவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். சளி இல்லை, அம்மாவிடம் சத்தியம் பண்ணிச் சொல். அப்பாவின் கண்ணில் அல்வாவைக் காட்டாதே.

உன் கடிதத்தை ஆபீஸில் உடன் இருப்பவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். இங்கே மாதத்துக்கு ஒரு புது லினக்ஸ் வருகிறது. எல்லாம் கொழுத்துக்கொண்டே போகிறது. உன்னிடம் இருப்பது ஒல்லிக்குச்சி. முதல் முதலாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு அதுதான் நல்லது. எது எங்கே இருக்கிறது என்று ஒரே நாளில் சுற்றிப் பார்த்துவிடலாம். நீ வகுப்பே நடத்துவாய் என்று நான் நினைக்கவில்லை. ரொம்பச் சந்தோஷம் அக்கா.

பாஸ்வேர்ட் சட்டென்று ஞாபகம் வரவில்லை. அன்றைக்கு அவசரத்தில் எதையோ தட்டிவிட்டேன். யோசித்து எழுதுகிறேன்.

வெள்ளைச்சாமி பாவம், வயதானவர். அவரை ஏன் திட்டுகிறாய்?

உன் தம்பி,
அஸ்வத்


தியாகராய நகர்,
11.7.1999

அன்புள்ள அஸ்வத்,

எல்லாரும் சுகம். மாடித் தண்ணீர்த் தொட்டி மட்டும் சுகமில்லை, லாரித் தண்ணீர்தான்.

எதையோ தட்டினாயா? நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் உனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாலாம் வகுப்பு ரோல் நம்பரை இன்றைக்கும் ஒப்பிப்பாய். எண்ணும் எழுத்தும் உனக்கு மறக்குமா? யோசி.

போன ஞாயிறு ஷகீலாவும் நானும் அடையாறு போனோம். அங்கே மாதம் ஒருமுறை லினக்ஸ்காரர்கள் கூடுகிறார்கள். நாற்பது ஆம்பிளைகள், நாங்கள் இரண்டு பேர். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மயிலாப்பூர்க்காரர் ஒருவர், சாய்நாத் என்று பெயர், நன்றாகப் பேசினார். "எங்காத்துல பழைய 386-ல இதான் ஓடிண்டிருக்கு. என் ஆத்துக்காரி விண்டோஸ் பக்கமே போகமாட்டேங்கறா" என்றார். புதுசாக வந்தவர்களில் பாதிப் பேர் இந்த மாதிரி ஓட்டைப் பெட்டிக்காரர்கள்தான். ரூட் பாஸ்வேர்டைப் பற்றிக் கேட்டேன். "யார் போட்டாளோ அவாளையே கேட்டு வாங்கிண்டுடுங்கோ, அதான் சுலபம்" என்றார். சுலபமாம்! அவருக்கு உன்னைத் தெரியாது.

வெள்ளைச்சாமி மேல் உனக்கென்ன திடீர்க் கரிசனம்? அப்பா புகார் கொடுத்து, அவருக்கு மெமோ கிடைத்து, இரண்டு வருஷம் கோடம்பாக்கம் பக்கம் தூக்கியடித்தார்களே, அப்போதாவது வாயைத் திறந்தாரா? "தொலைச்சிட்டேன், மன்னிச்சுக்கோம்மா" என்று ஒரு வார்த்தை வந்ததா? மாற்றலுக்கு முன்னால், அந்த வருஷத் தீபாவளிக்கு இனாம் கேட்டு வாசலில் வந்து நின்றவரிடம், தெருவே பார்க்க, "கார்டைத் தொலைச்சவருக்கு எதுக்கு இனாம்?" என்று கேட்டேன். அப்படியே திரும்பிப் போனார். அதற்குப் பிறகு ஒரு தீபாவளிக்கும் அவர் நம் படியேறவில்லை. அவ்வளவு ரோஷம்.

உன் அக்கா,
அனு


கொலம்பஸ்,
4.8.1999

அக்காவுக்கு,

சௌக்கியம். வேலை அதிகம். இரண்டாயிரம் பிறந்தால் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பைத்தியம் பிடித்துவிடும் என்று இங்கே ஆள் ஆளுக்கு அலறுகிறார்கள். அதனால்தான் பதில் தாமதம்.

பாஸ்வேர்ட் 'பொங்கல்99' என்று நினைக்கிறேன். இங்கிலீஷில், எல்லாம் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் அடித்துப் பார்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என் வணக்கம்.

அஸ்வத்


தியாகராய நகர்,
22.8.1999

அன்புள்ள அஸ்வத்,

நாங்கள் சுகம். நீ சுகமா என்பதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

பொங்கல்99 போட்டேன். லாகின் இன்கரெக்ட். இடைவெளி விட்டுப் போட்டேன். இன்கரெக்ட். பொங்கல்98, பொங்கல்1999, சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், எதையும் விடவில்லை. முப்பது தடவையாவது இருக்கும். என் விரல்தான் தப்பு செய்கிறது என்று நினைத்து ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லித் தட்டினேன். பக்கத்தில் இருந்த ஷகீலா, "அக்கா, உங்க தம்பி பொய் சொல்றாரு" என்றாள். அவளை நன்றாகத் திட்டிவிட்டேன். மறுநாள் கடையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே பிளவுஸ் பிட்டு மடித்தாள்.

திட்டியது நான்தான். ஆனால் எனக்கும் அந்தச் சந்தேகம் வந்துவிட்டது.

என் மேல் கோபமா? நான் இதையெல்லாம் கற்றுக்கொள்வது உனக்குப் பிடிக்கவில்லையா? இந்த வீட்டில் ஒருவர் இன்ஜினீயர் என்றால் போதும் என்று அப்பா சொல்வார். நீயும் அப்படித்தான் நினைக்கிறாயா? அப்படி இருந்தால் நேராகச் சொல், தாங்கிக்கொள்கிறேன்.

விஜயதசமிக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

அனு


தியாகராய நகர்,
16.9.1999

அஸ்வத்,

மூன்று வாரம் ஆகிறது. ஒரு வரி இல்லை. போனில் அப்பாவிடம் பத்து நிமிஷம் பேசினாய், நான் ரிசீவரை வாங்கினதும் "லைன் சரியில்லக்கா, லெட்டர்ல எழுதறேன்" என்று வைத்துவிட்டாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. நீ மூச்சு விட்டதுகூட எனக்குக் கேட்டது.

உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காதே.

அனு


கொலம்பஸ்,
27.9.1999

அன்புள்ள அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ கற்றுக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. இந்த உலகத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அதுதான். சத்தியமாக.

பாஸ்வேர்டை இப்போது விட்டுவிடு. டிசம்பரில் நானே வந்து எல்லாப் பெண்களுக்கும் லாகின் போட்டுத் தருகிறேன். வகுப்பை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளேன். தைப்பூசம் அன்றைக்கு நல்ல நாள்தானே.

வெள்ளைச்சாமி இன்னும் சைக்கிளில்தான் வருகிறாரா?

அஸ்வத்


தியாகராய நகர்,
20.10.1999

அன்புள்ள தம்பி அஸ்வத்துக்கு,

இங்கே எல்லாரும் பரம சௌக்கியம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். உன் மேல் கோபமெல்லாம் போய்விட்டது. ஏனென்றால் இனி எனக்கு உன் தயவு தேவையில்லை!

பெட்டிக்குள்ளேயே உதவிக் குறிப்புகள் என்று ஒரு மூட்டை இருக்கிறதல்லவா? அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாக வாசித்தேன். கம்ப்யூட்டர் முழிக்கும்போது முதலில் ஒரு வரி வந்து காத்திருக்கிறதே, அங்கே 'லினக்ஸ் சிங்கிள்' என்று தட்டினால் போதுமாம். பாஸ்வேர்டே கேட்காமல் ரூட்டாக உள்ளே விட்டுவிடுகிறது. டீக்கடையில் சிங்கிள் சொல்கிற மாதிரி சொன்னேன், வந்துவிட்டது. நீ வைத்ததை அழித்துவிட்டு நான் ஒன்று வைத்தேன். என்னவென்று உனக்குச் சொல்ல மாட்டேன். சாய்நாத்திடம் சொன்னதற்கு, "எனக்கே தோணலையே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

நேற்று விஜயதசமி. கீபோர்டுக்குச் சந்தனம் வைக்கப் போன அம்மாவின் கையைப் பாய்ந்து பிடித்தேன், மானிட்டர் மேல் ஒரு பொட்டோடு நின்றது. ஆறு பெண்கள், ஆறு பெயர்கள். வேலம்மா என்று ஒரு பெண், கடையைப் பெருக்குகிறவள். தன் பெயரை எழுத்தெழுத்தாகத் தட்டினாள். 'வெல்கம்' என்று வந்ததும் "என்னியவா கூப்புடுது?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தோம். "உன்னைத்தான்" என்றேன்.

இன்னொரு சேதி. உன் வெள்ளைச்சாமி டிசம்பர் கடைசியோடு ரிட்டையர் ஆகிறார். சைக்கிளில்தான் வருகிறார், இப்போது ஏறி மிதிப்பதைவிடத் தள்ளுவதுதான் அதிகம். தெருக்காரர்கள் சேர்ந்து சால்வை போடப் போகிறார்களாம். நம் வீட்டுக்கும் வந்து கேட்டார்கள். அப்பா, "அந்தாளுக்கா? எம் பொண்ணு படிப்ப மண்ணாக்கினவனுக்கா?" என்று கத்தி அனுப்பிவிட்டார். எனக்கும் கை வரவில்லை. ஒன்பது வருஷம் ஆகியும் அவர் மணி அடித்தால் வயிறு எரிகிறது, நான் என்ன செய்ய?

சந்தோஷமாக இரு. டிசம்பரில் வா.

உன் அக்கா,
அனுப்ரியா


கொலம்பஸ்,
3.11.1999

அக்கா,

நலம் விசாரித்துத் தொடங்க எனக்கு யோக்கியதை இல்லை. நேராக எழுதிவிடுகிறேன்.

நான் வைத்த ரூட் பாஸ்வேர்ட் 614207.

இது என்ன எண் என்று உனக்குத் தெரியும். 1990-இல் நீ எழுதிய நுழைவுத் தேர்வின் எண். உன் இன்டர்வியூ கார்டின் மேல் மூலையில் இருந்தது. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். அந்தக் கார்டு என்னிடம் வந்தது.

நான் கிரிக்கெட் பேட்டோடு சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். நம் தெரு முனையில் வெள்ளைச்சாமி நிறுத்தி, "தம்பி, அக்காவுக்கு வந்துகீது. பத்திரமா குடு" என்று என் கையில் கொடுத்தார். நோட்டுக்குள் வைத்தேன். மறந்துவிட்டேன். அதுவரைக்கும் அது மறதிதான்.

ஆறு நாள் கழித்து, சோமசுந்தரம் கிரவுண்டில் ஸ்கோர் எழுத நோட்டைத் திறந்தேன். கார்டு விழுந்தது. இன்டர்வியூ அன்றைக்குத்தான் அக்கா. மத்தியானம் இரண்டு மணிக்கு, கிண்டியில். அப்போது மணி பதினொன்று. ஓடிவந்திருந்தால் நீ போயிருப்பாய். அப்பா தோலை உரித்திருப்பார், அவ்வளவுதான். அடுத்து பேட் பிடிக்க வேண்டியவன் நான். என்னைக் கூப்பிட்டார்கள். போய் ஆடினேன். பத்தொன்பது ரன் அடித்தேன். இரண்டு மணி தாண்டிய பிறகு பனகல் பார்க் பின்னால் சாக்கடையில் கார்டைக் கிழித்துப் போட்டேன்.

நீ தினமும் மத்தியானம் வாசலில் நின்றாய். கார்டு அனுப்பியாகிவிட்டது என்று கிண்டியில் சொன்னதும் அப்பா வெள்ளைச்சாமி மேல் புகார் கொடுத்தார். அதை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தது யார் தெரியுமா? நான்தான். அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன், ஒரு எழுத்துப் பிழையில்லாமல்.

அன்றிலிருந்து எந்த இடத்தில் பாஸ்வேர்ட் கேட்டாலும் என் விரல் அந்த எண்ணைத்தான் தட்டுகிறது. காலேஜில், இங்கே ஆபீஸில், பேங்கில். தினமும் பத்துத் தடவை. உன் பெட்டியிலும் யோசிக்காமல் அதையே தட்டிவிட்டேன். நீ கேட்டபோதுதான் உறைத்தது.

சிங்கிள் வழி எனக்கும் தெரியும். முதல் கடிதத்திலேயே சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை. நீ விடாமல் கேட்டால் என்றைக்காவது உண்மை வாயில் வந்துவிடும் என்று ஒரு பக்கம் நினைத்தேன், இன்னொரு பக்கம் பொய்யாக ஒரு பொங்கலைக் கொடுத்து உன்னை முப்பது தடவை தட்ட வைத்தேன். இப்போது உனக்கு அந்த எண் தேவையில்லை. நான் பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் சால்வை பற்றி எழுதினாயே. அதற்கு மேல் முடியவில்லை.

2000 பிரச்சினையால் டிசம்பரில் லீவு தர மாட்டார்களாம். தந்தாலும் எந்த முகத்தோடு வருவேன்?

அஸ்வத்


தியாகராய நகர்,
2.12.1999

அஸ்வத்துக்கு,

அப்பாவும் அம்மாவும் சுகம். என்னைப் பற்றி எழுத மூன்று வாரம் பிடித்தது.

உன் கடிதத்தை என் கையில் கொடுத்தது வெள்ளைச்சாமிதான். "தம்பி லெட்டர் கனமா கீதும்மா" என்று சொல்லிக் கொடுத்தார். கடைக்கு எடுத்துப் போய்ப் பிரித்தேன். ஒரு பெண் மாம்பழக் கலருக்கு மேட்சிங் கேட்டு நின்றாள். அவளுக்கு என்ன எடுத்துக் கொடுத்தேன் என்று இன்றுவரை தெரியாது.

பத்தொன்பது ரன். என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை. முட்டையில் அவுட் ஆகியிருக்கக் கூடாதா, பாவி?

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதிப் பார்த்தேன், கிழித்துவிட்டேன். வரவில்லை. வரும்போது எழுதுகிறேன். வராமலும் போகலாம்.

நீ மட்டும் குற்றவாளி என்று நினைக்காதே. தெருவே பார்க்க அந்த மனிதரைக் கேட்டது என் வாய். நாலு நாள் வாசலில் நின்றேன். அவர் வருவது தெரிந்ததும் உள்ளே ஓடினேன். ஐந்தாம் நாள் சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"தெரியும்மா. தம்பி கைலதான குடுத்தேன்."

"ஏன் அன்னைக்கே சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லத்தாம்மா வந்தேன். உங்க வூட்டுப் படி வரிக்கும் வந்துட்டேன். உள்ள உங்க நைனா தம்பியப் போட்டு அடிச்சிக்கினு இருந்தாரு, இன்னாவோ பரீச்சையில மார்க்கு கொறைஞ்சிட்சாம். பெல்ட்டு சத்தம் தெருவுக்குக் கேக்குது. மார்க்குக்கே இந்த அடின்னா, இதுக்குக் கொன்னே பூடுவாருன்னு திரும்பிட்டேன். நேரா கைல குடுக்காதது என் தப்புதானே? மெமோ வந்துச்சு, வாங்கிக்கினேன்."

நான் அவர் காலில் விழப் போனேன். சைக்கிளை நடுவில் நிறுத்திவிட்டார். "அய்யே, இன்னாம்மா இது, தெருவுல" என்றார். சால்வையை நானே போடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

"சால்வ இன்னாத்துக்கு, மெட்ராசு வெயில்ல? தம்பிய எனக்கு ஒரு லெட்டர் போடச் சொல்லு. முப்பத்தாறு வருசமா ஊருக்கெல்லாம் லெட்டர் குடுத்துக்கினு கீறேன். எம் பேருக்குன்னு வந்தது அந்த மெமோ ஒண்ணுதான்."

அவருக்கு எழுது. கூரியரில் வேண்டாம், தபாலில் போடு. முப்பத்தொன்றாம் தேதிக்குள் வர வேண்டும். அவர் பையில் வந்து, அவரே எடுத்துப் படிக்க வேண்டும். அப்பாவுக்கும் தனியாக எழுது. அவரிடம் நான் சொல்ல மாட்டேன், அது உன் வேலை.

நீ அனுப்பிய எண்ணை ரூட்டில் தட்டிப் பார்த்தேன். லாகின் இன்கரெக்ட் என்றது. அது இங்கே எதையும் திறப்பதில்லை, அஸ்வத். நீயும் எல்லா இடத்திலும் மாற்று. தினமும் பத்துத் தடவை தட்டிக்கொண்டிருக்காதே. அது என் நம்பர், உன்னுடையது இல்லை.

சாப்பிடு.

அனு


கொலம்பஸ்,
13.12.1999

பெறுநர்: திரு. வெள்ளைச்சாமி, தபால்காரர், நடேசன் தெரு பகுதி, தியாகராய நகர், சென்னை - 17.

ஐயா,

நீங்களும் உங்கள் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதாக அக்கா எழுதினாள்.

நான் ராஜரத்தினம் மகன் அஸ்வத். 1990-இல், தெரு முனையில், நீங்கள் என் கையில் ஒரு கார்டு கொடுத்தீர்கள். பத்திரமாகக் கொடு என்றீர்கள். நான் கொடுக்கவில்லை. நீங்கள் தொலைத்ததாக எழுதிய புகாரும் என் கையெழுத்துதான். அந்தப் பெல்ட் அடி எனக்கு நினைவிருக்கிறது. வாசலில் நீங்கள் நின்றது எனக்குத் தெரியாது.

அப்பாவுக்கு எழுதிவிட்டேன். கடிதம் கிடைத்ததுமே உங்கள் போஸ்ட் மாஸ்டரிடம் போய், புகார் பொய், பையன்தான் தொலைத்தான் என்று எழுதிக்கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அப்பா போக மறுத்தால், இதே கடிதத்தை நீங்கள் காட்டலாம். அதற்காகத்தான் கீழே இனிஷியலோடு பெயர் எழுதிக் கையொப்பம் போட்டிருக்கிறேன்.

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை எழுதி, ஒன்பது வருஷத்தை அதில் அடக்கப் பார்க்கிறேன். அடங்கவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். என்னை மன்னியுங்கள்.

எனக்கு ஒரே ஒரு வரி பதில் போடுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்து சேர்ந்ததா என்று மட்டும் எழுதுங்கள்.

ரா. அஸ்வத்